ஐந்து உயிர்ப் பெட்டி

ஆட்டத்தில் தோற்றவனின் முகத்தை அவரால் பார்க்க முடியாது. திரையில் கடைசி ஆளும் செத்து விழும் நேரத்தில் கடைக்காரர்கள் பெட்டியில் போடும் அடுத்த வில்லையை விற்கக் கையை நீட்டுவார்கள். அவர் மட்டும் கீழே ஏதோ விழுந்துவிட்டதுபோலக் குனிந்து தேடுவார். எதுவும் விழுந்திருக்காது. இத்தனைக்கும் அந்த வீடியோ கேம் பெட்டிகளைச் செய்ததே அவர்தான்.

யாங்கோனில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் பாதையை ஒட்டியது எங்கள் தெரு. பர்மியப் பையன்கள் அவரை 'கோ கேம்', அதாவது கேம் அண்ணன், என்பார்கள். தமிழர்கள் நாங்கள் வெறும் அண்ணன் என்போம். அவருடைய மனைவி எனக்கு அண்ணி. அண்ணிதான் முதலில் போனார். அந்த வருஷம் முடிவதற்குள் அண்ணனும் போய்விட்டார். அண்ணி இல்லை என்பதால்தான் இதை இப்போது எழுத முடிகிறது.

அவரைப் பார்த்தால் அடக்கமான ஆள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பர்மியக் கைலியான லோஞ்சிக்கு மேல் அகலமான தோல் பெல்ட். எண்ணெய் வழிய வாரிய தலை. கறுப்புக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியைக் கழற்றாமலே ஈயம் பற்றவைப்பார். "பொகை கண்ணுல படக்கூடாதுல்ல" என்று காரணம் சொல்வார். கோயிலுக்கு வந்தாலும் கழற்றமாட்டார், அங்கே என்ன புகை என்று யாரும் கேட்டதில்லை.

"இதைப் போட்டுக்கிட்டுத்தான் என்னைப் பொண்ணு பாக்க வந்தாரு" என்பார் அண்ணி. "நான் கறுப்பா செவப்பான்னு அவருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

அவர் வேலை செய்த தகரக் கொட்டகையின் முன்னால் 'கேம் கம்பெனி' என்று பர்மியத்திலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் பெயர்ப்பலகை. "நம்ம கம்பெனி" என்றுதான் பேசுவார். அவரும் ஒரு தச்சரும் மட்டும் இருந்த காலத்திலும் அது கம்பெனிதான்.

தைப்பொங்கலுக்குக் கோயிலில் விளையாட்டுப் போட்டி வைப்பார்கள். நாற்காலிப் போட்டிக்குப் பாட்டுப் போடும் வேலையை ஒருமுறை அவரிடம் கொடுத்தார்கள். பாட்டு நிற்க நிற்க ஒவ்வொரு நாற்காலியாகக் குறைந்தது. கடைசியில் இரண்டு பெண் பிள்ளைகளும் ஒரு நாற்காலியும் மிச்சம். அண்ணன் பாட்டை ஓடவிட்டுவிட்டு மேடைக்குப் பின்னால் போய் இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். கமிட்டிக்காரர்கள் சத்தம் போட்டார்கள்.

"யோவ், இது போட்டிய்யா!"

"எவ்வளவு நேரம் சுத்திச்சுங்க புள்ளைங்க? ரெண்டும் ஒக்காரட்டும். கால் வலிக்குமா வலிக்காதா?"

அதற்குப் பிறகு டேப் ரிக்கார்டரை அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை.

இந்தக் குணத்தை ஊர் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டது. எனக்கு ஒருமுறை சிரிக்க முடியாமல் போயிற்று.

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பா ரயில் யார்டில் மூட்டை தூக்கினார். அவருக்கு எண்கூட வாசிக்கத் தெரியாது. நான் பத்தாவது எழுதி, முடிவு வரும் நாளில் காய்ச்சலில் படுத்துவிட்டேன். பள்ளிக்கூடச் சுவரில் பாஸானவர்களின் எண்களை ஒட்டுவார்கள். பார்த்துவரச் சொல்லி அப்பா அண்ணனைத்தான் கேட்டார். அவர் சைக்கிளில் போய்த் திரும்பி வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டார்.

"பாதித் தாளுதான் ஒட்டியிருக்காங்க, மாமா. நம்ம பய நம்பர் இருக்கிற தாளு நாளைக்குத்தான் வருமாம்."

"அப்ப நாளைக்கு நானே போறேன்" என்றார் அப்பா.

மறுநாள் காலையில் அப்பா கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். வழியில் இனிப்புப் பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய், காவல்காரரிடம் என் எண்ணைச் சொல்லி வாசிக்கச் சொல்லியிருக்கிறார். எல்லாத் தாள்களும் முதல் நாளே ஒட்டியாகிவிட்டன என்றும், அந்த எண் இல்லை என்றும் காவல்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருக்கிறார். அப்பா திரும்பி வந்து பொட்டலத்தை என் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்தார். 

காய்ச்சலோடு எழுந்து கொட்டகைக்குப் போனேன்.

"ஏன் அண்ணே பொய் சொன்னீங்க? அப்பா நாலு பேர் முன்னால நின்னுட்டு வந்திருக்காரு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அதில்லாமல் அவர் முகத்தை அன்றுதான் பார்த்தேன். சிறிய கண்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அலைந்தன.

"ராத்திரி அப்பா நல்லா தூங்குனாரா?"

"தூங்குனாரு."

"அது போதும்னு நெனச்சுட்டேன் தம்பி. காலைல நானும் கூடப் போயிருக்கணும். அத யோசிக்கல."

பல மாதம் அவரோடு நான் பேசவில்லை. அப்பா பேசினார். "அவன் பொய்யில கெடுதல் இல்லடா. நான்தான் வெரசாப் போயிட்டேன்" என்றார். அடுத்த வருஷம் நான் பாஸானபோது அந்தச் செய்தியைத் தெரு முழுக்கக் கத்திக்கொண்டு வந்தவரும் அண்ணன்தான். அப்பா நம்பவில்லை. காவல்காரரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்த பிறகுதான் சிரித்தார்.

தொழிலில் அவர் முதலில் டிவி ரிப்பேர்க்காரர். எண்பத்தெட்டில் மாணவர் போராட்டத்தால் பள்ளிக்கூடங்கள் மூடி, ஊர் வீட்டுக்குள் அடைந்து கிடந்த மாதங்களில் கெட்டுப்போன டிவிகளெல்லாம் அவர் கொட்டகைக்கு வந்து சேர்ந்தன. அதற்குப் பிறகு ஒரு நாள், கப்பலில் வேலை செய்த நண்பர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தாம்பாளம் அளவுக்குப் பச்சை நிற போர்டு ஒன்றைத் துணிக்குள் சுற்றிக்கொண்டு வந்தார். அது ஏதோ பழைய கேம் பெட்டியின் உள்பாகம். அண்ணன் அதைப் பழைய டிவித் திரை ஒன்றோடு இணைத்தார். திரையில் விமானம் பறந்தது. தெருவே கொட்டகைக்குள் வந்துவிட்டது.

பிறகு பெட்டி செய்தார். வெளிநாட்டில் இதை ஒட்டுப்பலகையில் செய்வார்களாம். எங்கள் ஊரில் மரவாடிக் கழிவில் தேக்குத்தான் சுலபமாகக் கிடைத்தது. ஆக, அவருடைய கேம் பெட்டிகள் எல்லாம் தேக்கு. நான்கு பேர் இல்லாமல் தூக்க முடியாது. "இதைப் பொண்ணுக்குச் சீதனமா குடுக்கலாம்" என்று வாங்கிப்போனவர்கள் கேலி செய்தார்கள். நாணயம் போட வேண்டிய ஓட்டைக்கு எங்கள் ஊரில் நாணயம் இல்லை, புழக்கத்தில் இருந்ததெல்லாம் நோட்டு. அலுமினியப் பாத்திரம் செய்கிறவரிடம் சொல்லி வில்லைகள் வெட்டிக்கொண்டார். கடைக்காரரிடம் நோட்டைக் கொடுத்து வில்லை வாங்கிப் பெட்டியில் போட வேண்டும்.

இனிச் சொல்லப்போவது அரிசிமணி அளவுள்ள சுவிட்சுகளைப் பற்றி. ஒவ்வொரு போர்டின் ஓரத்திலும் அவை வரிசையாக இருக்கும். ஒரு வில்லைக்கு ஆடுகிறவனுக்கு எத்தனை உயிர், எதிரியின் வேகம் எவ்வளவு என்பதையெல்லாம் அவைதான் தீர்மானிக்கும். மற்றவர்களின் பெட்டிகளில் இரண்டு உயிர், மிஞ்சினால் மூன்று. அண்ணன் பெட்டியில் ஐந்து. போர்டு அதற்கு மேல் இடம்கொடுக்காது. எதிரியின் வேகத்தையும் ஆகக் குறைவாக வைத்து, பின்னால் யாரும் மாற்றிவிடாதபடி சுவிட்சுகளின் மேல் ஈயத்தை உருக்கி மூடிவிடுவார்.

அவர் ஓங்கியதும் அதனால்தான். 'ஐந்து உயிர்ப் பெட்டி' எந்தக் கடையில் இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுப் பையன்கள் ஊரின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்தார்கள். டீக்கடைக்காரர்கள், வீடியோக் கடைக்காரர்கள் என்று எல்லோரும் அண்ணனிடம் பெட்டிக்குச் சொல்லிவைத்தார்கள். பக்கத்துக் கொட்டகையையும் பிடித்தார். தச்சர்கள் கூடினார்கள். பெட்டிகளுக்கு அண்ணி துணி உறை தைத்தார். "ஒங்க பெட்டிக்கு அஞ்சு உயிரு. எனக்கு ஒண்ணுதான், அதையும் இந்தத் தையலே வாங்கிரும்" என்று தைத்துக்கொண்டே திட்டுவார்.

அவர் சரிந்ததும் அதே சுவிட்சுகளால்தான். பையன்கள் ஆடி ஆடித் தேர்ந்துவிட்டார்கள். ஐந்து உயிரையும் வைத்துக்கொண்டு ஒருவன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்றான். க்யிம்யிண்டைங் படகுத்துறைப் பக்கம் கடை வைத்திருந்தவரை நாங்கள் நானா என்போம். நாகூர்ப் பக்கத்து வம்சம். அண்ணனிடம் நிறையப் பெட்டிகள் வாங்கியவர். ஒரு நாள் கோபமாக வந்து இறங்கினார்.

"தம்பி, நீ கேம் பெட்டி விக்கிறியா, அன்னதானம் போடுறியா?"

"ஏன் நானா, கூட்டம் இல்லையா?"

"கூட்டம் இருக்கு. நவுறலையே! நான் லுஹர் தொழப் போகும்போது ஒருத்தன் வில்லைய போட்டான். தொழுதுட்டு, சோறு தின்னுட்டு வந்து பாக்குறேன், அதே பய அங்கேயே நிக்கிறான். பின்னால நின்னவன் கடலையத் தின்னு தீத்துட்டு வீட்டுக்குப் போயிட்டான்."

"நல்லா ஆடுறான் போல."

"அவன் நல்லா ஆடுறதுக்கா நான் கடைக்கு வாடக குடுக்குறேன்? உயிர ரெண்டாக் கொற. வேகத்த ஏத்து. வந்தமா, செத்தமா, போனமான்னு இருக்கணும்."

"தோத்துப்போறதுக்கா காசு குடுத்து வர்றான் நானா? தோக்கறதுக்கு வெளியில யாரும் காசே கேக்கமாட்டாங்களே."

 நானா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே சொன்னார்: "பேச்சு நல்லாத்தான் இருக்கு. பெட்டிய வந்து எடுத்துக்க."

அதன் பிறகு தள்ளுவண்டிகளில் வரிசையாகப் பெட்டிகள் திரும்பி வரத் தொடங்கின. சுவிட்சுகளின் மேலிருந்த ஈயத்தை எடுத்துவிட அரைமணி நேர வேலை போதும். அவர் எடுக்கவில்லை. "வியாபாரம் தெரியாத மனுஷன்" என்று ஊரில் சொன்னார்கள். வியாபாரம் அவருக்குத் தெரியும். கடைசி உயிர் போனதும் ஒரு பையன் பெட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு திரும்புவான் பாருங்கள், அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

நான் மறுபடி அவரிடம் போய்ச் சேர்ந்தது அந்தச் சமயத்தில்தான். எங்கள் ஊரில் பத்தாவதுக்குப் பிறகு நேரே பல்கலைக்கழகம்தான். பாஸானேனே தவிர, மறுபடி மாணவர் போராட்டம் என்று சில மாதங்களில் பல்கலைக்கழகங்களை மூடிவிட்டார்கள். சும்மா இருந்தேன். அவரோ சொந்தமாக ஒரு கேம் செய்ய வேண்டும் என்று கிளம்பியிருந்தார். இது வரைக்கும் யாரோ செய்த ஆட்டத்துக்குப் பெட்டி செய்தோம், ஆட்டத்தையே நாமே செய்தால் எந்த நானா வந்து என்ன சொல்ல முடியும் என்பது அவர் எண்ணம். கப்பல்கார நண்பர், போர்டில் ஆட்டம் பதிவாகியிருக்கும் சிப் என்கிற சில்லுக்குள் எழுதும் கருவி ஒன்றையும் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தையும் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதை வாசிக்க ஆள் வேண்டும். அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாக வாசித்தேன். எனக்குப் பாதி புரிந்தது. நான் சொன்னதில் அவருக்குப் பாதி புரிந்தது.

அந்தச் சில்லுகளின் முதுகில் சின்னதாக ஒரு கண்ணாடிச் சன்னல் இருக்கும். எழுதியதை அழிக்க வேண்டுமானால் சன்னலுக்கு நேரே ஒரு தனி விளக்கின் வெளிச்சத்தைக் காட்ட வேண்டும். அண்ணன் அந்த விளக்கைப் பிஸ்கட் டின்னுக்குள் பொருத்தியிருந்தார். எழுதி முடித்ததும் சன்னலின் மேல் கறுப்புக் காகிதம் ஒட்டிவிட வேண்டும். சன்னலை மூடாமல் வைத்தால் நாள்பட்ட வெயிலிலும் எழுதியது அழிந்துபோகும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அந்த வரியை நான் வாசித்துச் சொன்னபோது அவர் சிரித்தார்.

"சூரியனுக்கு நம்ம மேல என்ன கோவம்?"

பழைய கார் ஆட்டம் ஒன்றின் போர்டை எடுத்து, அதில் இருந்த படங்களை ஒவ்வொன்றாக எங்கள் ஊராக மாற்றினார். கார் போய் சைக்கா வந்தது. சைக்கா என்றால் சைக்கிளின் பக்கவாட்டில் இருக்கை கட்டிய எங்கள் ஊர் ரிக்‌ஷா. கட்டம் போட்ட தாளில் எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று குறித்து, அதை எண்களாக மாற்றிக் கருவியில் அடிப்பார். ஒரு நாய்க்கு ஒரு வாரம். பஸ்ஸுக்கு அதைவிட அதிகம். சைக்காவில் ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு, பஸ்ஸுக்கும் நாய்க்கும் பள்ளத்துக்கும் ரயில்வே கேட்டுக்கும் தப்பி வீடுவரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். அந்தப் பெண் கையில் ஒரு சிவப்புக் குடை.

"இது யாரு?" என்று கேட்டார் அண்ணி.

"பாசஞ்சர்."

"பாசஞ்சருக்கு எதுக்கு என் குடை?"

"கட்டம் பத்தல. வேற குடை வரமாட்டேங்குது."

சைக்கா பஸ்ஸில் இடித்தால் குடை பறக்கும். அந்தப் பெண் சாகமாட்டாள். கீழே இறங்கி, பஸ்காரனைப் பார்த்துக் கையை ஓங்கித் திட்டிவிட்டு, மறுபடி ஏறி உட்காருவாள். கை ஓங்கும் அந்த ஒரு படத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட நாட்கள் கொஞ்சமல்ல. அண்ணி திட்டத் தொடங்கினால் வேலையை நிறுத்திவிட்டுக் கவனமாகப் பார்ப்பார்.

"என்னத்தப் பாக்குறீங்க?"

"கை எதுவரைக்கும் போகுதுன்னு."

கடைசி உயிரும் போனபின் திரையில் என்ன எழுதுவது என்பதில்தான் தகராறு. கோயில் வகுப்பில் தமிழ் எழுதக் கற்றவன் நான். எழுத்தைக் கட்டத்தில் வரைந்து தருவது என் பொறுப்பு. 'ஆட்டம் முடிந்தது' என்று எழுதிக் காட்டினேன். அவர் முகம் சுளித்தார்.

"டாக்டர் வெளிய வந்து சொல்ற மாதிரி இருக்கு தம்பி."

"வேற என்ன அண்ணே எழுதுறது? முடிஞ்சுதானே போகுது?"

உள்ளே காய் அரிந்துகொண்டிருந்த அண்ணி குரல் கொடுத்தார். "வீட்டுக்கு வந்தவங்கள என்னன்னு சொல்லி அனுப்புவோம்? போயிட்டு வான்னுதானே? அதையே எழுது."

எழுதினோம். ஆங்கில எழுத்துகள் வர வேண்டிய இடத்தில் 'போயிட்டு வா' என்று கோணலாக வந்து நின்றது. தமிழே தெரியாத பையன்கள் அந்த எழுத்துகளைப் படம்போல மனப்பாடம் செய்துகொண்டார்கள். யாராவது எழுத்தைக் காட்டி அர்த்தம் கேட்டால் அண்ணன் பர்மியத்தில் விளக்குவார். அதன் பிறகு தோற்றவனைப் பார்த்து மற்றவர்கள் "போயிட்டு வா! போயிட்டு வா!" என்று கத்துவார்கள். தோற்றவனும் சிரிப்பான். அந்தப் பெட்டியின் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் அண்ணன் குனிந்து எதையும் தேடியதில்லை.

ஆனால் அந்த ஆட்டம் வந்த நேரம் தவறு. டிவியில் சொருகி ஆடும் சீனக் கேம்கள் வந்துவிட்டன. கடைக்காரர்கள் மணிக் கணக்கில் வாடகைக்கு விட்டார்கள். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. திரும்பி வந்த தேக்குப் பெட்டிகளை வாங்கிப்போனவர்கள் ஆட்டத்துக்காக வாங்கவில்லை. அவை அலமாரியாகின, கடை மேசையாகின. திரைகள் தனியாகப் போயின. சில்லில் எழுதும் கருவியையும் விற்றார். நகரின் வடகோடியில், மிங்கலாடோனில், ஒரு ஐஸ் கம்பெனியில் ஜெனரேட்டர் பார்க்கும் வேலைக்குப் போனார். இனிச் சில்லில் எதையும் எழுத முடியாது, ஏற்கெனவே எழுதியது மட்டும் இருந்தது. சைக்கா ஆட்டத்தின் பெட்டிகளும் ஒவ்வொன்றாகக் காணாமல்போய் ஒன்றே ஒன்றுதான் அவர் வீட்டில் மிஞ்சியது. அதன் போர்டைக் கழற்றித் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்திருந்தார்.

"அது இருக்குதுல்ல, அது போதும்" என்பார். "ஒருத்தன் வந்து, நீ என்னய்யா செஞ்சேன்னு கேட்டா, கரண்டப் போட்டுக் காட்டுவேன்."

ஒருவன் வந்தான். இன்டர்நெட் கடை வைத்திருந்த பர்மிய வாலிபர். சின்ன வயதில் அந்தப் பெட்டியில் ஆடியவராம். அந்தக் குடைக்காரிப் பெட்டியைத் தன் கடை வாசலில் வைக்க வேண்டும், புதுப் பையன்கள் பார்க்கட்டும் என்றார். அவர் போகும்போது படியில் நின்று தமிழில், "போயிட்டு வா" என்றார். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா முடிந்ததும் போர்டைப் பெட்டியில் பொருத்தி அனுப்புவதாகப் பேச்சு.

திருவிழா முடிந்தது. இரண்டாயிரத்தெட்டு மே மாதத்தில் அந்தப் புயல் வந்தது.

எங்கள் வீடு சரிந்து, நாங்கள் கோயில் மண்டபத்தில் தங்கினோம். ஊரெங்கும் மரங்கள் விழுந்து கிடந்தன. கரண்ட் இல்லை. அண்ணன் மிங்கலாடோனில் மாட்டிக்கொண்டார். ஜெனரேட்டரை நிறுத்த முடியாததால் இரண்டு வாரத்துக்கு மேல் அவரை அங்கிருந்து விடவே இல்லை. அவர் ஊர் திரும்பிய அன்றுதான் நானும் வீட்டைப் பார்க்கத் தெருவுக்கு வந்தேன். முனையில் சேர்ந்து நடந்தோம்.

"பரண் மேல தகரம் இருக்குமா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

தகரம் இல்லை. ஆனால் அண்ணி வாசலில் நின்றார். உள்ளங்கையில் துணிக்கட்டு. பக்கத்துச் சுவரின் மேல் முறம். முறத்தில் போர்டு.

"பாத்தீங்களா? விட்டேனா?" என்று அங்கிருந்தே கத்தினார். "தகரம் சரிஞ்சு மேல கெடந்துச்சு. தூக்கிப் போட்டுட்டு எடுத்தேன். கையக் கிழிச்சுருச்சு, போகட்டும். ஒரே சேறு. மழத்தண்ணியில அலசி, ஊறி நாறிப்போன காகிதத்தையெல்லாம் உரிச்சுட்டேன். அன்னையிலேருந்து தெனமும் வெயில்ல வச்சு எடுக்குறேன். மழ வந்தா மாராப்பப் போட்டு மூடிக்கிட்டு ஓடியாருவேன். காக்காகூட ஒக்கார விடல!"

சில்லுகளின் சன்னல்கள் எல்லாம் திறந்து, வெயிலில் மினுங்கின.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். முறத்துக்குப் பக்கத்தில் போய் ஒரு விரலால் போர்டைத் தொட்டார்.

"நல்லா காஞ்சிருக்கு" என்றார். பிறகு முறத்தைத் தூக்கி நிழலில் வைத்துவிட்டு, அண்ணியின் கைக்கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

அண்ணி உள்ளே போனதும் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "முழுசா அழிஞ்சிருக்காது தம்பி. நடுவுல மழையும் பேஞ்சிருக்குல்ல." புத்தகத்தில் அப்படி ஏதும் போட்டிருக்கிறதா என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தார். கரண்ட் இல்லாமல் போட்டுப்பார்க்கவும் வழியில்லை. அடுத்த சில வாரங்கள் அவர் அந்த மழையை நம்பிக்கொண்டிருந்தார்.

ஒரு மாலையில் தெரு முழுக்க "மீ லாபி!" என்று சத்தம் எழுந்தது. கரண்ட் வந்தால் எங்கள் ஊரே இப்படித்தான் கத்தும். நான் அவர் வீட்டுக்கு ஓடினேன். போர்டை ஏற்கெனவே பெட்டியில் பொருத்தி வைத்திருந்தார். அண்ணி திரையைத் துடைத்து, பெட்டியின் மேல் ஊதுவத்தி ஏற்றிவைத்தார். அண்ணன் சுவிட்சைப் போட்டார்.

திரை வெளுத்தது. பிறகு மேலிருந்து கீழாகக் கோடுகள். நடுங்கிக்கொண்டு நின்றன. சத்தம் ஒன்றும் வரவில்லை. அணைத்து மறுபடி போட்டார். அதே கோடுகள்.

"என்ன கோடு கோடா வருது?" என்றார் அண்ணி. "குடைக்காரி எங்க?"

அண்ணன் மூன்றாவது முறையும் போட்டார்.

"என்னங்க? நான் வெயில்ல வச்சது தப்பாப்போச்சா?"

"சே! சேத்துத்தண்ணி பூந்திருக்கு. பூந்தா எதுவும் பொழைக்காது. புயலன்னைக்கே போயிருக்கும்." ஒரு நொடிகூடத் தயங்கவில்லை அவர்.

அதனால்தான் அண்ணி நம்பவில்லை. எத்தனை வருஷமாக அவரைப் பார்க்கிறார். என் பக்கம் திரும்பினார்.

"இவரு இப்படித்தான் சொல்லுவாரு. நீ சொல்லு தம்பி. அந்தப் புத்தகத்தையெல்லாம் நீதானே படிச்சே. வெயில்ல வச்சது தப்பா?"

கட்டுப் பிரித்த அண்ணியின் உள்ளங்கையில் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. புத்தகத்தின் அந்த வரி எனக்கு அப்படியே நினைவிருந்தது. அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கீழே ஏதோ விழுந்துவிட்டதுபோலக் குனிந்து, பெட்டிக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார்.

"தண்ணிதான் அண்ணி" என்றேன். "வெயில்ல வச்சதாலதான் போர்டாவது துருப்பிடிக்காம இருக்கு."

அண்ணி என் முகத்தையே பார்த்தார். பிறகு அவருடைய தோள்கள் தளர்ந்தன.

"அந்தப் பாழாப்போன புயல்" என்றார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சரி, கரண்டு இருக்கும்போதே சோத்த வச்சிடுறேன். தம்பி, நீயும் சாப்பிட்டுட்டுப் போ."

அவர் உள்ளே போன பிறகு அண்ணன் நிமிர்ந்தார். பெட்டியை அணைத்து போர்டை வெளியே எடுத்தார். மேசை இழுப்பறையில் தேடிக் கறுப்பு டேப்பையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டார். ஒன்றும் இல்லாத சில்லுகளின் சன்னல்கள் ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டு டேப்பை வெட்டி ஒட்டி, ஓரங்களை நகத்தால் அழுத்தித் தேய்த்தார். ஆடாமல் இருக்க நான் போர்டைப் பிடித்துக்கொண்டேன். 

கடைசிச் சன்னலையும் மூடிய பிறகு, சட்டைப்பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சாப்பிடப் போனார்.